என் ரத்த வகைக்கு மாறிய அக்காவுக்கு

அக்கா,

நேற்று சாயங்காலம் வேலை முடிந்து அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு வந்தேன். படிக்கட்டு ஓரத்தில் ஒரு தள்ளுவண்டியில் சோளம் வெந்துகொண்டிருந்தது. வண்டிக்காரர் மூடியைத் தூக்கியதும் ஆவி வந்து முகத்தில் அடித்தது. என் கால் அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் வந்த ஆள் என்மேல் மோதிவிட்டு, "இன்னா அண்ணாத்தே, நட்ட நடு வழியில நின்னுகினு" என்று முணுமுணுத்துக்கொண்டே படியேறினார். ஆவடிப் பக்கம் போகும் வண்டி வந்து நின்று, கிளம்பியும் போனது. நான் ஏறவில்லை. சோளமும் வாங்காமல் அந்த ஆவிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் இரண்டாம் முறை உன் மார்பில் செருகியிருந்த குழாய் வழியாக அந்தச் சின்னப் பை இறங்கியபோது அறை முழுக்க இதே வாசனைதான். உறைய வைத்த செல்கள் கெட்டுப்போகாமல் இருக்க எதையோ கலப்பார்களாம். உடம்புக்குள் போனதும் மூச்சில் சோள வாசம் வரும், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தார். நீ மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "டேய், எவன்டா இங்க சோளம் அவிக்கிறது? ஓடிப்போயி ஒண்ணு வாங்கினு வா. மொளகாத்தூளு தூக்கலா போடச் சொல்லு" என்றாய். நர்ஸ் சிரித்துவிட்டார். உன்னைக் கட்டிய மாமா மட்டும் சிரிக்கவில்லை. பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நீ போன பிறகு ஒரு காரியம் நடந்தது. பெரிய காரியம் எதையும் உன் காதில் போடாமல் நான் செய்ததில்லை. இதை மட்டும் செய்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்தால் எல்லாம் முதலிலிருந்து வருகிறது.

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினாய் நீ. அந்த ரூட்டில் உன்னைத் தவிர பொம்பளை டிரைவர் அப்போது யாரும் கிடையாது. பருத்திப்பட்டில் ஏறும் காலேஜ் பெண்கள் வேறு வண்டி வந்தாலும் விட்டுவிட்டு உனக்காக நிற்பார்கள். ஆம்பளை யாராவது உன் பக்கத்தில் ஒட்டி உட்காரப் பார்த்தால், "பின்னாடி போ நைனா, இது ஸ்டாஃப் சீட்டு" என்பாய். காக்கிச் சட்டையின் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டிருப்பாய். அந்தக் கையில்தான் முதலில் தெரிந்தது. எங்கும் இடித்துக்கொள்ளாமலே நீலம் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. வண்டியில் இடித்திருக்கும் என்றாய். சோர்வுக்கு வெயிலைக் காரணம் சொன்னாய். பல் விளக்கும்போது ஈறில் வந்த ரத்தம் நிற்காமல் போன அன்றுதான் என் மனைவி செல்வி உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்குப் போனாள்.

ரத்தப் புற்றுநோய் என்றார்கள். நாம் அது சினிமாவில் வருவது என்றுதான் நினைத்திருந்தோம். மாமா அம்பத்தூர் எஸ்டேட்டில் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் இருந்தார், அன்றைக்கு வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தவர், வார்டு வாசலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இன்னாடா, சரியாப் பூடுமாமா?" என்று கேட்டார். உங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அம்மா அப்பா போய்விட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. அன்றிலிருந்து நீ போகும்வரை அவர் அதே கேள்வியை எல்லாரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கீமோ கொடுத்தார்கள். முடி கொட்டியது. சேக்காட்டில் நம் தெருவே உன்னைப் பார்த்துப் பார்த்து அழுதபோது, நீ தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து அவர்களுக்கு ஆறுதல் சொன்னாய். நோய் அடங்கிவிட்டது என்றார்கள். சில மாதங்களில் திரும்பி வந்துவிட்டது. அப்போதுதான் டாக்டரம்மா ஸ்டெம் செல் என்ற வார்த்தையை முதன்முதலாகச் சொன்னார். கெட்டுப்போன மஜ்ஜையை மருந்து கொடுத்து முழுக்க அழித்துவிட்டு, வேறொருவரின் ஸ்டெம் செல்லை ஏற்றினால், அது போய் எலும்புக்குள் குடியேறிப் புது ரத்தம் உண்டாக்கும். கூடப் பிறந்தவர்கள் என்பதற்காகப் பொருந்திவிடாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். எனக்குப் பொருந்தியது. அந்த முடிவு வந்த அன்று நான் ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். நீ மட்டும், "பாஸு பண்ணது நீ, எழுதப் போறது நானு" என்றாய்.

செல்களை ரத்தத்துக்குள் வரவழைக்க எனக்குச் சில நாள் ஊசி போட்டார்கள். இடுப்பெலும்பும் நெஞ்செலும்பும் உள்ளே இருந்து யாரோ நெம்புவது மாதிரி வலித்தன. பிறகு இரண்டு கையிலும் ஊசி செருகி ஒரு மெஷின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஒரு கை வழியாக ரத்தம் வெளியே போய், மெஷினில் சுற்றி, வேண்டியது போக மீதி இன்னொரு கை வழியாகத் திரும்பி வந்தது. எனக்கு மெஷின் புதிதல்ல. கம்பெனியில் பிளாஸ்டிக் மோல்டிங் மெஷின்களுக்கு நான்தானே எலக்ட்ரீஷியன். ஆனால் என் ரத்தம் ஓடும் மெஷினைப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு மாதிரி இருந்தது. கடைசியில் பையைக் காட்டினார்கள். உன் அறைக்குக் கொண்டுபோனபோது நீ அதைப் பார்த்துவிட்டு, "இம்மாந்தானா? தக்காளி ரசம் மாதிரி கீது" என்றாயாம். மாமாதான் வந்து சொன்னார்.

அது உன் எலும்புக்குள் போய்ச் சேர்ந்தது. எங்கே போக வேண்டும் என்று அதற்கு யார் சொன்னார்கள் என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். வெள்ளை அணுக்கள் ஏற ஆரம்பித்தன. சில மாதம் கழித்து உன் ரத்த வகையைப் பரிசோதித்தார்கள். பி பாசிட்டிவாகப் பிறந்தவள் ஓ பாசிட்டிவ் ஆகிவிட்டாய். என் வகை. "பொறந்ததுல இருந்து என் சட்ட, என் சைக்கிளுன்னு எல்லாத்தையும் புடுங்கி வெச்சிகினவன்டா நீ. இப்போ ரத்தத்தையும் மாத்திட்டியா" என்று நீ போனில் கத்தியதை ஸ்பீக்கரில் போட்டு செல்வியும் நானும் கேட்டோம்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தடிப்புகள் வந்தன. முதலில் உள்ளங்கையில், பிறகு முதுகு முழுக்க. வாயெல்லாம் புண். ரசம் சாதம்கூட இறங்கவில்லை. புது செல்கள் உன் உடம்பை அயலானாக நினைத்துச் சண்டை போடுகின்றன என்று டாக்டரம்மா சொன்னார். "கொஞ்சம் சண்டை நல்லதுதான். மிச்சம் இருக்கிற புற்றுநோயையும் அதுதான் அடிக்கும். ஆனா அளவு மீறக்கூடாது. அதுக்குத்தான் மருந்து" என்றார். வெளியே வந்ததும் நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "உன் செல்லு உன்ன மாதிரியே கீதுடா. யாரு ஊட்டுக்குப் போனாலும் மொதல்ல சண்ட." நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது சோறு இறங்கவில்லை. உன் முதுகில் எரிந்தது என்னிடமிருந்து போனது. உன்னை வாழ வைத்ததும் அதுவேதான். இந்த இரண்டையும் எப்படி ஒரே மனதில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

சண்டை மெல்ல அடங்கியது. தோலில் கறுப்புத் திட்டுகள் மட்டும் தங்கின. டாக்டரம்மா தூசி, கூட்டம் இரண்டும் ஆகாது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். நீ கேட்டுக் கேட்டு, கடைசியில் மாஸ்க் போட்டுக்கொண்டு காலையில் மட்டும் ஓட்டலாம் என்ற இடத்துக்கு அவரைக் கொண்டுவந்தாய். ஒருநாள் நான் பூந்தமல்லியில் ஒரு மோட்டார் வாங்க உன் வண்டியிலேயே ஏறினேன். கரையான்சாவடியில் கீரைக்கட்டோடு ஏறிய அம்மா ஒருத்தி உன் கையைப் பார்த்து, "இன்னாம்மா இது, நெருப்பு பட்டுச்சா?" என்று கேட்டாள். "இல்லம்மா, இதோ இவன் கடிச்சான்" என்று என்னைக் காட்டினாய். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இறங்கும்வரை கீரைக்கட்டை எனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்திருந்தாள். அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பில் மாஸ்க் கழன்று விழுந்தது.

அந்த நல்ல காலத்தில்தான் எங்கள் கம்பெனியில் ஒரு முகாம் போட்டார்கள். ஸ்டெம் செல் கொடுக்க விருப்பம் உள்ளவர்கள் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் கொடுத்தால் போதும், எப்போதாவது எங்கேயாவது யாருக்காவது பொருந்தினால் கூப்பிடுவார்கள். எல்லாரும் தயங்கியபோது நான் முதலில் போய் நின்றேன். எனக்கென்ன, என் அக்கா அந்நேரம் பருத்திப்பட்டில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தாள். உன்னிடம் சொன்னேன். "பாவம், எவன் தலையில எழுதி கீதோ உன் சண்டைக்கார செல்லு" என்றாய்.

ஒன்றரை வருடம் போனது. திரும்ப வந்தது.

இந்த முறை நீ யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர், "நம்பிக்கைய உட்டுடாதம்மா" என்றபோது நீ சட்டென்று எழுந்துவிட்டாய். "இன்னா நம்பிக்க? ஒவ்வொரு வாட்டியும் மாடி மேல ஏத்தி உட்டு உட்டு தள்ளி உடறாங்க. உழுறது நானு. நீ ஒரு வாட்டி உழுந்து பாரு, அப்பால சொல்லு." அவர் காபியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். நீ அடுப்பங்கரையில் போய் நின்று அழுதாய். உன் பின்னால் வந்து நின்ற என்னிடம், "எனக்கு பயமா கீதுடா" என்றாய். என் வாழ்நாளில் அந்த வார்த்தையை உன் வாயிலிருந்து அந்த ஒருமுறைதான் கேட்டேன்.

யாரோ சொன்னார்கள் என்று மாமா உன்னை ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனார். நானும் வந்தேன். கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் பெரிய எழுத்தில் ஸ்டெம் செல் சிகிச்சை என்று போர்டு. மூட்டுவலி, சர்க்கரை, பக்கவாதம், புற்றுநோய் எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி. வெள்ளைக் கோட்டுக்காரர் நம் ரிப்போர்ட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "கவலையே வேணாம் சார். நூத்துக்கு நூறு சரியாயிடும்" என்றார். மாமாவின் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன்போ பின்போ பார்த்ததில்லை. அத்தனை நாளாக அவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு முதன்முறையாக ஒருவர் ஆமாம் என்று சொல்லிவிட்டார். நீதான் கேட்டாய்: "ஊசில இருக்கறது யாரு செல்லு சார்?" எங்கள் லேபில் வளர்த்தது என்றார் அவர். "அதான், யாருகிட்ட இருந்து எடுத்து வளத்தது?" அதெல்லாம் வெளியே சொல்வதில்லை என்றார். நீ பையை எடுத்துக்கொண்டு எழுந்தாய். "ஏற்கனவே உள்ள ஒருத்தன் சண்ட போட்டுகினு கீறான். அவன் பேராச்சும் எனக்குத் தெரியும். பேரு தெரியாதவன வேற உள்ள உடணுமா? வா மாமா, போலாம்." தெருமுனை வரை மாமா அந்த போர்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவருக்கு உன்மேல் கோபம் இல்லை. கையில் கிடைத்த ஆமாம் நழுவிப்போன வருத்தம்.

அடுத்த வாரம் டாக்டரம்மா கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். ஓர் ஆய்வு நடக்கிறது, அதில் உன்னைச் சேர்க்கலாம் என்றார். உன் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பு செல்களை எடுத்து, லேபில் அவற்றுக்குள் ஒரு மரபணுவைப் புகுத்தி, புற்றுநோய் செல்மேல் இருக்கும் ஓர் அடையாளத்தைக் கண்டுபிடித்து அடிக்கப் பழக்கி, பெருக்கித் திரும்ப உன் உடம்பிலேயே விடுவார்களாம். "போலீஸ் நாய்க்கு மோப்பம் காட்டற மாதிரியா?" என்றாய். "கிட்டத்தட்ட அப்படித்தான்" என்று அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். இது உங்களுக்கு உதவாம போகலாம். கடுமையா காய்ச்சல் வரலாம், நினைவு தப்பலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். சிலருக்கு நல்லா வேலை செஞ்சிருக்கு. உங்களுக்குச் செய்யுமான்னு கேட்டா எனக்குத் தெரியாது" என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம். அவள் ரத்தம் இப்போது என்னிடமிருந்து வந்ததுதானே, அப்படியானால் நீங்கள் எடுக்கப்போவது யாருடைய செல் என்று கேட்டேன். "உங்க கிட்ட இருந்து வந்த செல்தான். ஆனா இப்ப அது அவங்களோடது" என்றார். அந்தப் பதிலை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன்!

மாமா வேண்டாம் என்றார். வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, "போதும்டா. சோதன எலி மாதிரி இன்னும் இன்னா இன்னா பண்ணுவாங்க? ஊட்டுக்குக் கூட்டினு போயிடலாம். இருக்கற வரைக்கும் என் கண்ணு முன்னால இருக்கட்டும்" என்றார். நான் செய்யலாம் என்றேன். நாங்கள் இருவரும் குரலை உயர்த்திக்கொண்டே போக, நீ நடுவில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாய். பிறகு சொன்னாய்: "அவரு நூத்துக்கு நூறுன்னாரு, எனக்கு ஓடியாந்துடலாம் போல ஆச்சு. இந்தம்மா தெரியாதுன்னு சொல்லுது, எனக்குக் கொஞ்சம் தெம்பா கீது. ஏன்னு கேக்காத. பண்ணிக்கிறேன் மாமா. இன்னும் கொஞ்ச நாளு வண்டி ஓட்டணும் போல கீது." மாமா தலையைக் குனிந்துகொண்டார். அதற்குமேல் வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை.

செல்லை எடுத்தார்கள். அது எங்கேயோ போய்ப் பழகி வரும்வரை வாரக்கணக்கில் காத்திருந்தோம். வந்தது. அந்தச் சின்னப் பைதான் சோள வாசனையோடு உள்ளே போனது. கொஞ்ச நாளில் காய்ச்சல் ஏறியது. தினமும் நர்ஸ் வந்து உன்னிடம் கேள்வி கேட்பார். இது என்ன ஊர், இது என்ன பொருள், ஒரு வாக்கியம் எழுதுங்கள். மூளையில் வீக்கம் இருக்கிறதா என்று அதில்தான் தெரியுமாம். நீ ஊர் பெயர் கேட்டால் ஆவடியில் தொடங்கி உன் ரூட்டில் இருக்கும் ஸ்டாப்பிங் எல்லாவற்றையும் ஒப்பிப்பாய். ஒருநாள் பருத்திப்பட்டோடு நின்றுவிட்டாய். அடுத்தது வரவில்லை. பேனாவைக் காட்டி இது என்ன என்று கேட்டார் நர்ஸ். நீ பேனாவைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். என்னையும் யார் என்று தெரியாத பார்வை. மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மருந்து கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது. ஒரு காலையில் நீ கண்ணைத் திறந்து, "இன்னாடா, மூஞ்சி செத்துப்போயி கீது?" என்றாய். அடுத்த மாதம் மஜ்ஜையைச் சோதித்தபோது நோயைக் காணவில்லை. மாமா டாக்டரம்மாவின் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டு, "சரியாப் பூடுச்சா?" என்றார். "இப்போ நோய் இல்லை. இப்போதைக்கு அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்" என்றார் அவர்.

ஐந்து மாதம் இருந்தது அந்த இப்போது. நீ பாதி நாள் வண்டி ஓட்டினாய், மீதி நாள் வீட்டில் தூங்கினாய். மாமாவைக் கூட்டிக்கொண்டு திருநின்றவூர் கோயிலுக்குப் போய் வந்தாய். சாமி கும்பிடாமல் மண்டபத்தில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுவிட்டு வந்ததாக மாமா குறைப்பட்டுக்கொண்டார். பிறகு கால் வலி, காய்ச்சல். டாக்டரம்மா ரிப்போர்ட்டை மேஜையில் வைத்துவிட்டு, அந்த செல்கள் எந்த அடையாளத்தைத் தேடிப் போயினவோ அந்த அடையாளமே இல்லாமல் நோய் திரும்பி வந்திருக்கிறது என்றார். "சட்டைய மாத்திகினு வந்துட்டான்" என்றாய் நீ. உன் குரலில் கோபம்கூட இல்லை. இனி என்ன என்று நான் கேட்க வாயெடுத்தபோது என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாய்.

அப்புறம் வீட்டில்தான் இருந்தாய். ஒரு மத்தியானம் நான் உன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். நீயாகவே சொன்னாய்: "பண்ணது சரியா தப்பான்னு போட்டு உருட்டாத. எனக்கே தெரியல. சில நாளு, சும்மா ஊட்லயே இருந்திருக்கலாம்னு தோணுது. சில நாளு, வண்டில போனது நெனப்புக்கு வந்து, பண்ணது நல்லதுன்னு தோணுது. ரெண்டுமே நெசந்தான்." இப்படிச் சொன்னதாலேயே என்னால் உருட்டாமல் இருக்க முடியவில்லை.

நீ போன பிறகு மாமாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு வெறுமை விழுந்தது. சண்டை இல்லை. காரியத்துக்கு வந்தவர்கள் யாரோ பேச்செடுத்தபோது அவர், "அந்த ஆஸ்பத்திரி ரூம்புல போன நாளெல்லாம் அவ என்கூட இருந்திருப்பா" என்றார், யாரையும் பார்க்காமல். அந்த ஐந்து மாதமும் அந்த சிகிச்சை கொடுத்தது என்று நான் நினைத்தேன். சிகிச்சை பறித்துக்கொண்ட நாட்களை அவர் கணக்கில் வைத்தார். அது கொடுத்த நாட்களை நான் வைத்தேன். இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான். நீயே தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குக் குழம்பு கொண்டுபோய்க் கொடுப்பேன். வாங்கி வைத்துவிட்டு மழை, வெயில் பற்றிப் பேசுவார். அவ்வளவுதான்.

இப்போது அந்தக் காரியம். சில மாதத்துக்கு முன்பு ஒரு போன் வந்தது. முன்பு முகாமில் கொடுத்த பஞ்சுக்குச்சி. யாரோ ஒருவருக்கு என் செல் பொருந்துகிறது, கொடுக்கச் சம்மதமா என்று ஒரு பெண் கேட்டாள். யார், எந்த ஊர், என்ன வயது, எதுவும் சொல்லக்கூடாதாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். செல்வியிடம் சொன்னபோது அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. "திரும்பியுமா?" என்றாள். மாவுக் கையைக் கழுவிக்கொண்டே, "குடுக்க வேணாம்னு சொல்லல. குடுத்துட்டு, அவங்களுக்கு இன்னா ஆச்சோன்னு நீ சோறு தண்ணி இல்லாம ஒக்காந்துகினு இருப்பியே, அத்த யாரு பாக்கறது?" என்றாள்.

டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்து வந்தார். நான் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன். அக்காவை எரித்தது என் செல்தானே? இன்னொருவருக்கும் அது அதையே செய்யாதா? அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "செய்யலாம். செய்யாமலும் போகலாம். யார் செல்லா இருந்தாலும் இதே பதில்தான். உங்க அக்காவுக்கு அந்தச் சண்டையும் உங்க செல்தான், அந்த ஒன்றரை வருஷமும் உங்க செல்தான். அதைப் பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியலை" என்றார். ஆறுதல் தேடித்தான் போயிருந்தேன். கிடைக்கவில்லை. ஆனாலும் வெளியே வந்ததும் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து சம்மதம் என்றேன். ஏன் என்று கேட்டால் எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. யாரோ ஒருவர் வீட்டில் யாரோ ஒருவர், பொருந்திவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போயிருப்பார். அவரை நினைத்தேன். அவ்வளவுதான்.

மாமாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குழம்புப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டே கேட்டுக்கொண்டார். என்றைக்கு என்று மட்டும் விசாரித்தார். கொடுக்கும் நாளன்று நான் இரண்டு கையிலும் ஊசியோடு மெஷின் பக்கத்தில் சாய்ந்திருந்தேன். கதவைத் திறந்துகொண்டு மாமா வந்தார். கையில் டிபன் பாக்ஸ். அவரே அவித்த இட்லி, பொடி, எண்ணெய். போன தடவை அவர் உன் அறையில் இருந்தார். என் பக்கத்தில் யாரும் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இட்லியைப் பிட்டுப் பொடியில் தோய்த்து என் வாயில் வைத்தார். எனக்குக் கை அசைக்க முடியாது. அப்படியே வாங்கிக்கொண்டேன்.

மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் சின்னப் பெண். "முன்னாடியே குடுத்திருக்கீங்கன்னு போட்டிருக்கு. யாருக்கு அண்ணா?" என்றாள். அக்காவுக்கு என்றேன். "அக்கா இப்ப நல்லா இருக்காங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். எனக்கு வாயில் இட்லி.

மாமாதான் பதில் சொன்னார். "அவ இல்லம்மா. போய்ட்டா." அந்தப் பெண்ணின் முகம் மாறியது. மாமா அடுத்த துண்டைப் பொடியில் தோய்த்துக்கொண்டே, "ஆனா இவன் குடுத்தது நல்லாத்தான் வேல செஞ்சுது" என்றார்.

அதை அவர் நம்பிச் சொன்னாரா, அந்தப் பெண் சங்கடப்படக் கூடாதென்று சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாரா என்று தெரியாது. நான் கேட்கவில்லை. டிபன் பாக்ஸைக் கழுவி எடுத்துக்கொண்டு, ஷிப்டுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை மழை, வெயில் பற்றித்தான் பேசுகிறோம். ஆனால் உட்காரச் சொல்கிறார்.

அந்தப் பை எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. போன இடத்தில் ஒருவருடைய ரத்தம் என் வகைக்கு மாறிக்கொண்டிருக்கலாம். முதுகு எரிந்துகொண்டிருக்கலாம். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். செல்வி சொன்னது சரிதான், சில நாள் சோறு இறங்குவதில்லை. உன்னைப் பற்றி எனக்கு விடை தெரியாத கேள்வி ஒன்று இருந்தது. இப்போது முகம் தெரியாத ஒருவரைப் பற்றியும் ஒன்று சேர்ந்துகொண்டது. இரண்டோடும்தான் வேலைக்குப் போய் வருகிறேன்.

கொஞ்ச காலம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்ல முடிந்தால் சொல்வோம் என்றார்கள். இதுவரை யாரும் கூப்பிடவில்லை. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் முன்பெல்லாம் எடுக்கவே மாட்டேன். இப்போது முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன், அக்கா.